இரண்டாம் தந்தியின் விரல்

கல்லேரித் தொழிற்பேட்டையில் விரல் போவது ஒரு செய்தியே இல்லை. பிரஸ் மிஷின் ஓடுகிற ஊரில் விரல் போகத்தான் செய்யும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிச் சொல்லி, அதையே ஊரும் திருப்பிச் சொல்லிச் சொல்லி, கடைசியில் மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள்கூடச் சம்பளத்தை விசாரித்த கையோடு பையனின் கையையும் ஒரு நோட்டம் விட்டுவிட்டு, ஒரு விரல்தானே, அதனாலென்ன என்று காப்பியை வாங்கிக் குடிக்கிற அளவுக்கு அது பழகிப்போயிருந்தது. அப்படிப்பட்ட ஊரில் சகாயராணியின் விரல் போனதைப் பற்றி யாரும் இரண்டு வார்த்தை பேசவில்லை. போன விரல் வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் பேசினார்கள்.

சகாயராணி திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவள். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கார் கதவுக்குக் கீல் அடிக்கிற கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். ஏரிக்கரைத் தெருவின் லைன் வீடுகளில் ஒன்றில், அதே கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்த திருநெல்வேலிப் பெண் முத்தரசியோடு குடியிருந்தாள். கம்பெனி ஆண்டு விழாவில் சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுத்தபோது மற்றவர்களுக்கு ஹாட்பாக்ஸும் குக்கரும் விழ, இவளுக்கு மட்டும் யாரோ ஒரு வெளிநாட்டு விருந்தாளி கொடுத்துவிட்டுப் போய் ஹெச்.ஆர். அலமாரியில் கேட்பாரற்றுக் கிடந்த பாஞ்சோ உகுலேலே விழுந்தது. கஞ்சிராவுக்குக் கழுத்து முளைத்து, அந்தக் கழுத்தில் நாலு நைலான் தந்தி கட்டியது போல இருந்தது அது. ஹாட்பாக்ஸுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தெரு முழுக்கக் கேட்டுப் பார்த்தாள். ஒருவரும் மசியவில்லை.

வேறு வழியில்லாமல்தான் செல்போனில் தேடிக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். ஏதோ ஒரு நாட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஏதோ ஒரு பாஷையில் பேசிக்கொண்டே வாசித்துக் காட்டிய ஒரு பெண்மணியின் பேச்சு இவளுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை, விரல்கள் மட்டும் விளங்கின. நாலு தந்தியையும் மேலிருந்து கீழே நகத்தால் ஒரே இழுப்பாக இழுக்கிற வாசிப்பு சீக்கிரம் வந்துவிட்டது. ஆனால் அது இவளுக்குப் பிடிக்கவில்லை, பஸ்ஸில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவது போல இருந்தது. விரல் விரலாக மீட்டுவதுதான் பிடித்தது. அதில் கட்டைவிரலின் பங்கு மேலேயிருக்கிற இரண்டு தந்திகள், ஆள்காட்டி விரலுக்கு இரண்டாம் தந்தி, நடுவிரலுக்கு எல்லாவற்றுக்கும் கீழேயிருக்கிற முதல் தந்தி. ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது, தன் முறை வரும்வரை ஒருவரும் அவசரப்படக் கூடாது. மூன்று ஆள் வேலையை ஒரு ஆள் தலையில் கட்டுகிற கம்பெனியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவளுக்கு இந்த நியாயம் இனித்தது. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் தொடையின் மேல் கட்டை, ஆள்காட்டி, கட்டை, நடு என்று தட்டிக்கொண்டே இருப்பாள். அந்த நடை அவள் கைக்குள் இறங்கி, தூக்கத்திலும் விரல்கள் முறை தவறாமல் அசைவதை முத்தரசி பார்த்திருக்கிறாள்.

அவள் நின்ற மிஷினுக்கு இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். ஆகவே பிரஸ் இறங்கும்போது கை உள்ளே இருக்க வழியே கிடையாது. இதைக் கண்டுபிடித்தவன் மனுசன். ஒரு பட்டனை அமுக்கினபடியே இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டிவிட்டால் ஒரு கை சும்மா இருக்கும், சும்மா இருக்கிற கை அடுத்த பீஸை வைக்கும், டார்கெட் எகிறும் என்று ஒருவன் கண்டுபிடித்தானே, அவனை என்னவென்று சொல்வது என்று ஏரிக்கரைத் தெருவில் எல்லாருக்கும் தெரியும், எழுதத்தான் முடியாது. அந்த டேப் ஒட்டிய மிஷின், சும்மா இருந்த வலது கையின் ஆள்காட்டி விரலை அடியோடு வாங்கிக்கொண்டது. விரல், வெட்டுத் தகடுகளோடு சேர்ந்து ஸ்கிராப் தொட்டியில் விழுந்தது. லைனை நிறுத்தி அதைத் தேட யாருக்கும் அனுமதி இல்லை.

விஷயம் எப்படியோ வெளியே போய், தொழிற்சாலைகளைப் பார்வையிடுகிற இன்ஸ்பெக்டர் அம்மா ஒருவர் வந்து அந்த மிஷினுக்கு மட்டும் அரக்கு வைத்து சீல் போட்டுவிட்டுப் போனார். விசாரணை முடியும்வரை ஓட்டக் கூடாது என்றார். சகாயராணி கையில் கட்டோடு வீட்டில் கிடந்தாள். கட்டுப் பிரித்த அன்று முதல் வேலையாக, சுவரில் மாட்டியிருந்த உகுலேலேயை எடுத்தாள். வாசிக்க அல்ல, உடைக்க. அம்மிக்கல்லில் ஒரே அடியாக அடிக்கலாம் என்று தூக்கினவள், கை பழக்கத்தில் மடியில் வைத்துவிட்டாள், பழக்கத்திலேயே கட்டைவிரல் தன் தந்தியைத் தட்டியது. கட்டை, ஆள்காட்டி, கட்டை, நடு. நாலும் கேட்டது. மறுபடி மீட்டினாள். இரண்டாம் தந்தி, தன்னைத் தொட ஒருவரும் இல்லாத இடத்தில், தன் முறை வந்தபோது கணீரென்று ஒலித்துவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. அரிசி களைந்துகொண்டிருந்த முத்தரசி திரும்பிப் பார்க்காமலே, இரண்டாவது தந்தி கொஞ்சம் இறங்கியிருக்கிறது அக்கா, முறுக்கிவிடுங்கள் என்றாள்.

அந்த வாத்தியத்துக்கு முகத்தில் தோல் கட்டியிருப்பதால் சத்தம் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும். அந்த வாரமே ஏரிக்கரைத் தெரு முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் மயங்கி விழவில்லை. விரல் போய்விட்டது, ஆனால் வேலையை விடவில்லை, அவ்வளவுதானே, கல்லேரிக்காரர்களின் விரல் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். டிபன் கடையில் அந்த விரலுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா இல்லையா என்று வாக்குவாதம் நடந்தது. ரேஷன் கடையில் கைரேகை விழாமல் அலைந்துகொண்டிருந்தவர்கள், இந்த விரலை அந்த மிஷினில் வைத்துப் பார்க்கலாமே என்று யோசனை சொல்ல, சகாயராணி போய் வெறும் காற்றை வைத்துப் பார்க்க, அது சிவப்பு விளக்கைக் காட்டியது. ரேஷன் மிஷினுக்குச் சங்கீத ஞானம் இல்லை என்று சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றியபோது, மாதா கோயிலுக்குப் போகிற பெண் என்றும் பார்க்காமல் அவளை மாரியம்மன் பந்தலில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் போக அடம் பிடிக்கிற பிள்ளைகளைக் கொண்டுவந்து, பார், இல்லாத விரலே எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது என்று காட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, அப்புறம் எல்லாருமே கண்ணை மூடிக்கொண்டு கேட்கப் பழகிவிட்டார்கள்.

நாலாவது வீட்டுத் துரைக்கண்ணு மட்டும் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்தார். பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், இரண்டு விரல் போனவர், எப்போதும் வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்கிறவர். நானும் ஒரு தடவை பிடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டு வாங்கி, மடியில் வைத்து, வெகுநேரம் காத்திருந்தார். ஒரு தந்தியும் அசையவில்லை.

"என் விரலுக்கு என்னம்மா தெரியும்," என்றார் கொடுத்துவிட்டு. "பீஸ் எடுக்கத் தெரியும், பீஸ் வைக்கத் தெரியும். வேற ஒண்ணும் நான் அதுக்குச் சொல்லித்தரலையே."

அன்று ராத்திரி சகாயராணி உகுலேலேயைத் தொடவில்லை. ஆனால் காலையில் மறுபடி தெருவே வந்து நின்றபோது, அவளும் மனுஷிதானே, அந்தக் கைதட்டலில் துரைக்கண்ணுவின் முகத்தை மறந்துபோனாள்.

இப்படி எல்லாரும் மகிழ்ந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர் கிரிதரன் ஸ்வீட் பாக்ஸோடு வந்து இறங்கினார். விரல் போனபோது ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒரு தடவை வாசிங்கம்மா என்று கேட்டார். பெரிய மனிதர் வீடு தேடி வந்து கேட்கிறாரே என்று அவளும் மற்ற நாளைவிட ஒரு படி நன்றாகவே வாசித்தாள். அவர் செல்போனை நீட்டி ஒலிப்பதிவு செய்துகொண்டே, சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராக, உங்களுக்குக் கேட்கிறதா, உங்களுக்குக் கேட்கிறதா என்று கேட்டார். ஏரிக்கரைத் தெருக்காரர்கள் தங்கள் தெருவின் பெருமையை விட்டுக்கொடுப்பார்களா? ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சாட்சி சொன்னார்கள். விரல் எங்கேயும் போகவில்லை சார், இங்கேதான் சார் இருக்கிறது, முன்னைவிட இப்போதுதான் சார் சுறுசுறுப்பு என்றார்கள். அவர் ரொம்ப சந்தோஷம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். மைசூர்பாகைத் தெருவே பங்கிட்டுத் தின்றது.

அந்த மைசூர்பாகு எதற்கு என்பது சில நாள் கழித்து முத்தரசி ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. விரல் வேலை செய்வதைத் தெருவே கேட்டிருக்கிறது, வேலை செய்கிற விரல் போன விரல் ஆகாது, விரல் போகவில்லை என்றால் விபத்து நடக்கவில்லை, விபத்தே நடக்காத மிஷினுக்கு சீல் எதற்கு என்று கம்பெனி கேட்டிருக்கிறதாம். இன்ஸ்பெக்டர் அம்மாவும் நேரில் வந்து வாசிப்பைக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறாராம்.

"சீலை எடுத்ததும் என்னையத்தான் அந்த மிஷின்ல நிக்கச் சொல்லிருக்காங்க, அக்கா," என்றாள் முத்தரசி. "புது டேப்பும் வாங்கி வச்சிட்டாங்க."

சகாயராணிக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. தெருக்குழாயடியில் போய் நின்று, தண்ணீர் பிடிக்க வந்த ஒருவரையும் விடாமல் வாய்க்கு வந்தபடி பேசினாள். மைசூர்பாகுக்கு ஆசைப்பட்டு ஒரு பெண்ணின் கையை விற்றுவிட்டீர்களே என்றாள். பெண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினீர்களே, என் கையை ஒருவராவது பார்த்தீர்களா என்றாள். நாங்கள் பொய்யா சொன்னோம், கேட்டதைத்தானே சொன்னோம் என்று அவர்களும் திருப்பிக் கொடுத்தார்கள். இவ்வளவு நல்ல விரலை வைத்துக்கொண்டு இவ்வளவு கெட்ட வாயா என்று ஒருத்தி முனகினாள். திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினபோது, எல்லாரையும்விடத் தன் மேல்தான் கோபம் அதிகம் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த ஆளுக்கு முன்னால் ஒரு படி நன்றாக வாசித்தவள் அவள்தானே.

வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் செல்போன் பதிவு கிரிதரன் கையில் இருக்கிறது. மறுத்தால் மறைக்கிறாள் என்பார்கள், அந்தப் பதிவைப் போட்டுக் காட்டி சீலை உடைத்துவிடுவார்கள். வாசித்தால், கட்டைக்கு அடுத்து ஆள்காட்டியின் முறை வரும், முறை வந்தால் அது வாசிக்கும். அவள்தான் அப்படிப் பழக்கியிருந்தாள். யோசித்து யோசித்து, ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அந்த விரலுக்கு முறையே வராதபடி வாசிக்க வேண்டும். அதன் தந்தியைப் பிடுங்கி நடுவிரலுக்குக் கொடுக்க வேண்டும், நடுவிரலின் தந்தியை மோதிர விரலுக்கு. கட்டை, நடு, கட்டை, மோதிரம். கேட்க லேசாக இருக்கிறது. செய்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும், மோதிர விரலைப் போல ஒரு சோம்பேறி கையிலேயே கிடையாது. அதைத் தூக்கினால் சுண்டுவிரலும் கூடவே எழுந்து வரும், தந்தியைத் தட்டு என்றால் தடவும்.

தெருவெல்லாம் வேலைக்குப் போயிருந்த பகல்களில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து மீட்டினாள். போன விரல் சும்மா இருக்கவில்லை. நடுவிரல் இரண்டாம் தந்திக்குப் போய்ச் சேருவதற்குள் அது முந்திக்கொண்டு தட்டிவிடும், அப்புறம் நடுவிரலும் தட்ட, ஒரே தந்தி இரண்டு தரம் ஒலிக்கும். அவள் நிறுத்துவாள், திட்டுவாள், மறுபடி தொடங்குவாள். அது இன்னும் வேகமாக முந்தும். அவளைச் சந்தோஷப்படுத்தத்தான் அப்படிச் செய்கிறது என்று அவளுக்குப் புரிந்தபோது திட்ட வாய் வரவில்லை. அது ஒருநாளும் அவளை ஏமாற்றினதில்லை. அம்மாவின் தாலியைப் பிடித்து விளையாடினது, பத்தாவது பரீட்சை எழுதினது, அப்பாவின் கண்ணை மூடினது எல்லாம் அந்த விரல்தான். ஸ்கிராப் தொட்டியில் விழுந்தும் வீடு தேடி வந்த விரல் அது.

"நீ இருக்கிற வரைக்கும் உன்னை வெட்டவே இல்லைன்னு சொல்லுவாங்கடி," என்றாள் அதனிடம், இரண்டாம் தந்தியைப் பார்த்து. "நீ போனாத்தான் அவங்க வெட்டினதாகும். எனக்கு வேற வழி தெரியலை."

அழுதாள். அழுதுகொண்டே மீட்டினாள். ஒரு பகல் முழுக்க இரண்டாம் தந்தி ஒற்றையாகவும் இரட்டையாகவும் ஒலித்துக்கொண்டிருந்து, அப்புறம் இரண்டாவது ஒலி மங்கி, தொட்டும் தொடாததுமாக ஆகி, ஒரு பிற்பகலில், தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போகையில், நின்றுவிட்டது. கட்டை, நடு, கட்டை, மோதிரம். நாலு ஒலியையும் கண்ணுக்குத் தெரிகிற விரல்களே எழுப்பின. அவள் அதற்கப்புறமும் வெகுநேரம் நிறுத்தாமல் வாசித்தாள், நிறுத்தினால் மறுபடி வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், வராதோ என்ற பயம் ஒரு பக்கம்.

விசாரணை கம்பெனியின் மீட்டிங் அறையில் நடந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பிரஸ் மிஷின்கள் வரிசையாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. சாட்சிக்கென்று துரைக்கண்ணு உள்படத் தெருவிலிருந்து சிலரைக் கம்பெனியே வண்டி வைத்துக் கூட்டி வந்திருந்தது. கிரிதரன் எல்லாருக்கும் டீ கொடுக்கச் சொன்னார். இன்ஸ்பெக்டர் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆரம்பிக்கலாமா என்றார். சகாயராணி உகுலேலேயை மடியில் வைத்து, வலது கையை எல்லாரும் பார்க்கும்படி திருப்பிப் பிடித்து, வாசித்தாள். நடை பிசகவில்லை. மோதிர விரல் இரண்டு இடத்தில் தடுக்கினாலும் விழுந்துவிடவில்லை. கிரிதரனின் புன்னகைதான் மெதுவாகக் கீழே இறங்கியது. இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவை வாசித்தாள். பதிவைப் போட்டுக் காட்டினார். பதிவில் கேட்பதும் இங்கே கேட்பதும் ஒரே ராகம்தானே, இவர் இருக்கிற விரல்களால் வாசிக்கிறார், அவ்வளவுதானே என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

"மேடம், இவங்க வேணும்னே மாத்தி வாசிக்கறாங்க," என்றார் கிரிதரன். "அந்த விரலை யூஸ் பண்ணச் சொல்லுங்க."

"எந்த விரலை?"

கிரிதரன் கையை நீட்டி, சகாயராணியின் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே ஒன்றுமில்லாத இடத்தைச் சுட்டிக்காட்டினார். நீட்டிய கையை எப்போது மடக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. அறையில் ஒருவரும் அவருக்கு உதவவில்லை.

சீல் அப்படியே இருக்கட்டும் என்று இன்ஸ்பெக்டர் அம்மா எழுந்தார். முத்தரசி அந்த மிஷினில் நிற்க வேண்டியதில்லை. அதோடு விட்டிருக்கலாம், ஆனால் சகாயராணி கண்ணாடிச் சுவரைக் காட்டி, மற்ற மிஷின்களிலும் அதே கறுப்பு டேப்தான் ஒட்டியிருக்கிறது, பாருங்கள் மேடம் என்றாள். நான் இந்த ஒரு மிஷினுக்குத்தான் வந்திருக்கிறேன், மற்றதில் ஏதாவது நடந்து புகார் வந்தால் வந்து பார்க்கிறேன் என்றார் அந்த அம்மா, கெட்டவர் இல்லை, அவருக்கு விதிக்கப்பட்டது அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் சும்மா இருந்த கை அடுத்த பீஸை உள்ளே வைத்துக்கொண்டிருந்தது. துரைக்கண்ணு அதைப் பார்த்தார். டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

சாயங்காலம் ஏரிக்கரைத் தெரு அவள் வாசலில் கூடிவிட்டது. விரல் வாசிக்கவில்லையாமே, என்ன செய்தாய் எங்கள் விரலை என்று கேட்டார்கள். எங்கள் விரல் என்றே கேட்டார்கள். அவள் வெளியே வந்து உட்கார்ந்து வாசித்தாள். வழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ராகம் முழுசாக வந்தது, ஒரு ஒலி குறையவில்லை, ஆனால் இல்லாத விரல் தட்டும்போது இரண்டாம் தந்தியில் கேட்கும் அந்தக் கணீர் கேட்கவில்லை. அது வரும் வரும் என்று காத்திருந்து, வராமல் போகவே, ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். திறந்தால் எதிரே ஒரு கை. நாலே விரல் உள்ள ஒரு கை. அத்தனை மாதமாக அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்து பார்க்காமல் விட்ட கை. யாரும் கைதட்டவில்லை. டிபன் கடைக்காரர் தன் சுண்டுவிரல் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார். விரலுக்கு லீவு உண்டா என்று வாதாடினவர்கள் தரையைப் பார்த்தார்கள். அந்தத் தெருவுக்குக் கோபம் வந்து சேர இவ்வளவு காலம் ஆயிற்று, வந்தபோது அது சத்தமே போடவில்லை.

மறுநாள் காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தன. தெரு முழுக்க அங்கேதான் நின்றது, சாப்பாட்டுப் பையோடு, குளித்துத் தலை வாரி, வேலைக்குப் போகிற கோலத்தில். ஒருவரும் ஏறவில்லை. முதல் பஸ்ஸின் டிரைவர் இறங்கி வந்து, என்னாச்சு, யாருக்கு என்ன போச்சு என்று கேட்டார். துரைக்கண்ணு துண்டிலிருந்து வலது கையை எடுத்து, அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். அவருக்குப் பின்னால் சகாயராணி தூக்கினாள். அவளுக்குப் பின்னால், விரல் போன கைகளும், இன்னும் போகாத முத்தரசியின் கையும், தெருவின் கடைசி வரைக்கும் ஒவ்வொன்றாக எழுந்தன.